ஆயிரம் வரைக்கும்

தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.

மீட்டரில் கிலோமீட்டர் எண் மாறுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுக் கார் எண்பதில் போய்க்கொண்டிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவள் அசையும்போதெல்லாம் அது சரசரத்தது. பக்கத்தில் அவள் கணவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார். சமயபுரத்தில் காருக்குப் பூஜை போட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அரசுப் பேருந்து ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. அவர் கண்டுகொள்ளவில்லை.

பழைய காராக இருந்தால் விட்டிருப்பாரா?

மெதுவாகப் போங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டாள். கெஞ்சியிருக்கிறாள். அழுதும் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்க."

மூடிக்கொள்வாள். போன வருடம் கொட்டாம்பட்டி தாண்டிப் பாலத்துச் சுவரில் மோதி அந்தக் கார் உருண்டபோதும் மூடித்தான் இருந்தாள். அதனால் எதையும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது. இடது கைக்குள் ஒரு கம்பி இருக்கிறது.

அவருக்கு ஒரு கீறல் இல்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் வண்டியைத்தான் குறை சொன்னார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஷோரூம்காரர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். புது இன்ஜின், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எண்பதைத் தாண்டக் கூடாது, விரட்டினால் இன்ஜின் கெட்டுப்போகும் என்று.

கேட்டுக்கொண்டார். பெண்டாட்டி பேச்சுக்கு அசையாத கால் இன்ஜினுக்கு அடங்கிவிட்டது.

அவளுக்கு ரோஷமெல்லாம் வரவில்லை. இந்தக் கார் வந்த பிறகுதான், இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஓடும் காரில் தூங்கினாள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டு.

"இன்னும் எட்டுதான்" என்றார். "அப்புறம் பாரு, வண்டி எப்படிப் பறக்குதுன்னு."

ஆயிரம் முடிந்த பிறகுதான் கொட்டாம்பட்டி வரும்.

துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தினார். அவள் இறங்கவில்லை.

மடியில் கோயில் பிரசாதம் இருந்தது. இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். சந்தனம் இன்னும் ஈரமாகவே இருந்தது. எட்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையை நுழைத்து, மீட்டர் கண்ணாடியில் அந்த எண்ணின் மேல் அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள்.

எண் மறைந்துவிட்டது.

வைத்த பிறகுதான் பயம் கூடியது. இந்தக் காரில் ஈ உட்கார்ந்தால்கூடத் துணியெடுத்துத் துடைக்கிற ஆள். அதோடு, சந்தனம் பூசினால் கிலோமீட்டர் நின்றுவிடுமா? சின்னப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது.

அவர் இரண்டு டீயோடு வந்தார். உட்கார்ந்தார். பார்த்தார்.

"என்ன இது?"

"அம்மன் சந்தனங்க."

"அங்கயா வைப்பாங்க?"

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். அது தளும்பிச் சீட்டில் சிந்தியது. பிளாஸ்டிக் உறை சரசரத்துக்கொண்டே இருந்தது.

அவர் துடைக்கிற துணியை எடுத்தார். கொஞ்ச நேரம் அவளுடைய இடது கையைப் பார்த்தார். டீ சிந்திய இடத்தை மட்டும் துடைத்துவிட்டுத் துணியை வைத்தார்.

கார் கிளம்பியது.

கொட்டாம்பட்டி வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்ஜின் சத்தம் ஏறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஏறவில்லை. வெகுநேரம் ஏறவே இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

பாலம் வந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த இடத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

எண்பதிலேயே வீடு வந்து சேர்ந்தார்கள். எண் தெரியாததால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவர் காரை முதல் சர்வீஸுக்கு விட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே உள்ளேயெல்லாம் துடைத்துத்தான் தருவார்கள். ஆயிரம் தாண்டிவிட்டது, இனி தாராளமாக ஓட்டலாம் என்றும் சொல்லித்தான் அனுப்புவார்கள். மறுநாள் திருநெல்வேலிக்கு, அவள் தம்பி வீட்டுக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சட்டை மாட்டுவதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடினாள்.

கார் கதவைத் திறந்தாள். ஷாம்பூ வாசனை அடித்தது. டேஷ்போர்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றியிருந்தார்கள்.

எண் தெரியவில்லை.

அதன் மேல் சந்தனம் இருந்தது. இன்னும் காயாத சந்தனம். பெரிய கட்டைவிரலால் கோணலாக அப்பியது. குங்குமம் நடுவில் விழாமல் ஓரத்தில் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவர் செருமுகிற சத்தம் கேட்டது.

அவள் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மறுபக்கம் சுற்றிவந்து, ஒன்றும் தெரியாதவளைப் போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.