வால் பிடித்தவர்

“ஆடு திருடினீங்களா?” என்று கேட்டார் மிஸஸ் பெட்வே, கையிலிருந்த காகிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு.

“ஆமா மேடம்,” என்றான் டெமிட்ரியஸ் டோல்பர்ட்.

“எத்தனை ஆடு?”

“ஒண்ணுதான். அதுலயும் நான் பிடிச்சது பாதி.”

பர்மிங்ஹாமில் இருந்த அந்த ரொட்டித் தொழிற்சாலையில் லாரி ஓட்டும் வேலை. போன வாரம் அவன் பெரிய லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டி, இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கீறல் இல்லாமல் நிறுத்திக் காட்டியிருந்தான். அங்கிருந்த மேஸ்திரி அப்போதே கை குலுக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் போலீஸ் ரெக்கார்டு வந்து சேர்ந்தது. ஆளெடுக்கும் பிரிவுக்குத் தலைவியான மிஸஸ் பெட்வே அவனை மறுபடி வரச் சொல்லியிருந்தார். அவரும் அவனைப் போலவே கறுப்பினத்தவர். அதற்காக யாருக்கும் சலுகை காட்டுகிறவர் அல்ல.

“ஜார்ஜியா மாநிலம், 1998, கால்நடைத் திருட்டு, தண்டனை,” என்று வாசித்தார். “கால்நடைன்னு போட்டிருக்கவும், ஒரு மந்தையையே ஓட்டிட்டுப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க மேடம். போன கம்பெனியில, எங்க லாரியில கோழி ஏத்துறோம், உங்களை நம்பி எப்படி அனுப்புறதுன்னு கேட்டாங்க.”

மிஸஸ் பெட்வே சிரிக்கவில்லை. “முதல்லேர்ந்து சொல்லுங்க.”

மனைவிக்கு இந்த ஊரில் வேலை கிடைத்ததால் குடிவந்த குடும்பம் அது. மூன்று மாதத்தில் இது ஒன்பதாவது கம்பெனி. கதை அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது.

“பக்கத்து ஊர் ஸ்கூலுக்கு அந்த ஆடுதான் ராசி. ஒவ்வொரு ஃபுட்பால் மேட்ச்சுக்கும் தொப்பி போட்டுக் கூட்டிட்டு வருவாங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் மறுநாள் மேட்ச். ஆடு வரலைன்னா ஜெயிச்சிடலாம்னு ஒரு யோசனை. ஸ்கூல் விட்டதும் போய்த் தூக்கிட்டோம்.”

“தூக்கிட்டோம்னா?”

“நானும் ஸ்கூட்டர்னு ஒரு சிநேகிதனும். பட்டப்பேரு அது. யோசனை அவனோடது, காரும் அவனோடது. தலைப் பக்கம் அவன் பிடிச்சான், வால் பக்கம் நான்.”

மிஸஸ் பெட்வேயின் பேனா நின்றது.

“வண்டியில போகும்போது ஆடு எதையாவது தின்னுச்சா?”

இதுவரை எந்தக் கம்பெனியிலும் இப்படிக் கேட்டதில்லை. டோல்பர்ட் விழித்தான்.

“தின்னுச்சு. சர்ச்சுக்குக் கொண்டுபோக ஸ்கூட்டரோட அம்மா செஞ்சு வெச்சிருந்த கேக். முழுசா.”

“தட்டோடயா?”

“காகிதத் தட்டு. அதையும்தான். ஏன் மேடம், இதெல்லாம் ஃபாரத்துல எழுதணுமா?”

“நீங்க சொல்லுங்க. எப்ப மாட்டினீங்க?”

“பத்தாவது நிமிஷம். ஆடு ஜன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டே வந்துச்சு. எதிர்ல ஷெரிஃபோட போலீஸ் வண்டி.”

“ரெண்டு பேரையும் பிடிச்சாங்களா?”

“பிடிச்சாங்க. ஸ்கூட்டர் வெள்ளைக்காரப் பையன். அவன் அப்பாவும் ஷெரிஃபும் ஒண்ணா மீன் பிடிக்கப் போறவங்க. அவர் வந்தார், ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, பையனைக் கூட்டிட்டுப் போயிட்டார். அப்புறம் எங்கம்மா வந்தாங்க. யாரும் சிரிக்கல.”

டோல்பர்ட் மடியில் இருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“என் பத்து விரலையும் மையில அமுக்கினாங்க. ரெண்டு நாள் உள்ள. அப்புறம் கோர்ட்டு. ஆடு அன்னைக்கே வீடு போய்ச் சேர்ந்துச்சு. மேட்ச்சுலயும் அவங்கதான் ஜெயிச்சாங்க.”

“அந்தப் பையன் பேர்ல ஒரு காகிதமும் இல்லையா?”

“இல்ல. ரெக்கார்டுபடி பார்த்தா அந்த ஆட்டை நான் தனியாத்தான் தூக்கியிருக்கேன். நூத்திப்பத்து பவுண்டு எடை மேடம். அதுக்காகவாவது மூட்டை தூக்குற வேலை கொடுப்பாங்கன்னு பார்த்தேன், அதுவும் இல்ல.”

இப்போது மிஸஸ் பெட்வேயின் உதட்டில் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. உடனே இருமிக்கொண்டார்.

“பதினேழு வயசுல பண்ணினது,” என்றான் அவன். “இப்ப என் பொண்ணுக்கே பதினேழு. அப்பாவுக்கு ஏன் வேலை கிடைக்கலன்னு கேக்குறா. ஆடுன்னு சொல்ல வெக்கமா இருக்கு.”

மிஸஸ் பெட்வே கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ்டர் டோல்பர்ட், இங்க ரூல் ஒரே வரி. குற்றம் செஞ்சவர் யாரா இருந்தாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், இந்தக் கம்பெனியில வேலை பார்க்கக் கூடாது. முதலாளியே எழுதினது. ஏழு வருஷத்துல அறுபத்திரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அதுல நாப்பத்தொம்பது பேர் நம்ம ஆளுங்க. வருஷா வருஷம் இதைச் சொல்றேன். ரூல்ல கறுப்பு வெள்ளைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேங்கிறார்.”

“புரியுது மேடம்.” அவன் எழுந்தான். “உங்க நேரத்தை வீணடிச்சிட்டேன்.”

“உக்காருங்க தம்பி.”

அவன் உட்காராமல் நின்றான். அவர் குரல் மாறியிருந்ததுதான் காரணம். மிஸஸ் பெட்வே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, முதலாளி அறைக்கான ஒற்றை எண்ணை அழுத்தினார்.

“சார், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்துலயும், சின்ன வயசுல ஆடு திருடின கதையைச் சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வைப்பீங்களே,” என்றார் நிதானமாக. “அதுல வால் பக்கம் பிடிச்சவர் வேலை கேட்டு வந்திருக்கார். நம்ம ரூல்ல ‘குற்றம் செஞ்சவர்’னுதான் இருக்கு, ‘தண்டனை வாங்கினவர்’னு இல்ல, உங்க ரெண்டு பேர்ல முதல்ல யாரை வீட்டுக்கு அனுப்பட்டும்?”