ஒரு விரற்கடை ஓரம்

கழுத்தில் இரண்டு கமராக்கள். பிடரி விட்டுப்போகிறது.

சின்னது என்னுடையது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாங்குவது. பெரியது கொழும்பில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் என் சித்தியின் மகன் அன்ரனியுடையது, செங்கல்லுப் பாரம். இன்றைக்கு ஒரு கலியாணத்தை எடுத்துப் பார், பிடித்தால் நீயே வைத்துக்கொள் என்று தந்திருக்கிறான். அவன் கொழும்புக்கு நாலு மணி பஸ்ஸில் ஏற முன்னம் பதில் வேண்டுமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடிக்கிறான், சனியன்.

உயிலங்குளத்தில் ஒரு வீட்டுத்திட்ட வீடு. போன மாதம் இவர்களின் கலியாண எழுத்தையும், அதாவது பதிவையும், நான்தான் சின்னதால் எடுத்துக் கொடுத்தேன். சுவர் இன்னும் பூசவில்லை. முற்றத்தில் பந்தல், பந்தலுக்குள் மணவறை.

பெரியது நல்ல கமராதான், பொய் சொல்லக்கூடாது. நிழலுக்குள்ளும் பிளாஷ் இல்லாமல் எடுக்கிறது. தாலி கட்டும்போது விரலை வைத்தேன், கண்ணை மூடித் திறக்கமுன் பத்துப் படம். சின்னது என்றால் மூன்றாவதிலேயே களைத்துப்போகும்.

ஆனால் எனக்கு அதில் ஆசை வந்தது வேறொன்றுக்காக. பெரியதில் கண்ணை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறதோ அதுதான் படம். சின்னது அப்படியில்லை. பார்க்கும்போது தெரியாத ஒரு விரற்கடை ஓரம் படத்தில் வந்து விழும். கதிரைக் கால், நாய் வால், யாரோ ஒருவரின் தோள். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கணினியில் வைத்து வெட்டி வெட்டியே எனக்குக் கண் போய்விட்டது.

இப்போது குடும்பப் படம். இருபது பேரை நிறுத்தியாயிற்று.

மணமகள் தர்ஷிகாவுக்குப் பக்கத்தில், தாய் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில், சித்தப்பா சரவணமுத்துவும் சித்தியும். தகப்பன் இரண்டாயிரத்து எட்டில் அடம்பனுக்கு வயல் பார்க்கப் போனவர். ஏழு வருடமாயிற்று. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. தாய் புஸ்பம் இன்னும் பொட்டு வைக்கிறார்.

பொட்டு வைத்தாலும் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாது என்று சரவணமுத்து முடிவுகட்டிவிட்டார். படத்திலும் வரக்கூடாதாம். ஒரே பிள்ளையின் கலியாணப் படத்தில் பெற்றவள் இல்லை!

எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் எங்கள் ஊர் பள்ளிமுனையில் இந்தக் கூத்து இல்லையென்று நான் என்ன முகத்தோடு சொல்வது? வாயை மூடிக்கொண்டு பெரியதை முக்காலியில் ஏற்றினேன்.

"பொறும் தம்பி, நான் ஒருக்காப் பாக்கிறன்." சரவணமுத்து ஓடி வந்து கண்ணை வைத்தார். "இந்தா, மச்சாள் தெரியிறா. மச்சாள், இன்னும் அங்கால போங்கோ!"

பந்தல் காலில் கட்டிய வாழைக்குப் பக்கத்தில் நின்ற புஸ்பம் ஓரடி தள்ளிப் போனார்.

நான் மாலையைச் சரிசெய்யப் போனபோது தர்ஷிகா உதடு அசையாமல் சொன்னாள்: "அண்ணை, சின்னனாலை எடுங்கோ."

"ஏன் தங்கச்சி? உதுதான் திறம்."

"சின்னனாலை எடுங்கோ."

என்ன பிடிவாதம் இது! நல்லதைக் கொண்டுவந்தால் பழையதைக் கேட்கிறது சனம். விளக்கம் சொல்லப் போனால் இன்னும் பத்து நிமிடம் போகும். பற்றறி முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் சின்னதை முக்காலியில் மாட்டினேன்.

சரவணமுத்து விடுவாரா? திரும்பவும் ஓடி வந்து பார்த்தார்.

"ஓம், இப்ப சரி. மச்சாள் இல்லை."

போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் இடத்தில் நின்றார்.

நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், இல்லை. கமராவிலிருந்து தலையை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தேன். புஸ்பம் முதல் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து, வாழையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

தர்ஷிகா ஏன் சின்னதைக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது.

பின்பக்கத் திரையில் சரவணமுத்து கண்டால் என் தோலை உரித்துவிடுவார். முக்காலியை ஒரு சொட்டு வலப்பக்கம் திருப்பினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. சட்டைப்பையில் அன்ரனி வேறு அடிக்கத் தொடங்கினான்.

திருப்பவில்லை. அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் புஸ்பம். உடம்பு முழுக்க வாழைக்குப் பின்னால். தலையை மட்டும் சரித்து, அந்த ஒரு விரற்கடைக்குள் முகத்தை முழுதாகக் கொண்டுவந்திருந்தார். பொட்டும் தெரிந்தது. நேரே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடித் தம்பி, வடிவா வந்திட்டோ?" என்று சரவணமுத்து அங்கிருந்தே கத்தினார்.

"ஓம் ஐயா. எல்லாரும் நிக்கினம்."

எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி, சனம் கலைந்ததும் கமராவைக் கொண்டுபோய்த் தர்ஷிகாவிடம் காட்டினேன்.

அவள் நிறைய நேரம் பார்த்தாள். நன்றி சொல்லுவாள் என்று நின்றேன்.

"போன மாசம் எழுத்திலையும் அம்மா இப்பிடித்தான் நிண்டவ," என்றாள். "அண்டைக்கு இந்தத் திரையிலை அம்மாவும் நானும் பாத்தனாங்கள். அல்பம் வந்தாப்பிறகு அம்மா ஒவ்வொரு பக்கமாப் பிரட்டித் தேடினவ. ஒண்டிலையும் அவ இல்லை."

கமராவை என் கையில் திருப்பித் தந்தாள்.

"அதை வெட்டினது சித்தப்பா இல்லை, அண்ணை. நீங்கள்."