தோள்மேல் இருந்த இரண்டு

ஓர் இணையப் பக்கத்தில், ஒரு கணக்கில் ஒன்பது என்ற எண் குடியிருந்தது. அதன் தோள்மேல் அடுக்கு எண்ணாக, பொடியாக ஓர் இரண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பொடியனைப் பார்த்தாலே ஒன்பதுக்கு வயிறு எரியும்.

“ஒற்றை இலக்கத்துல என்னைவிடப் பெரியவன் எவன்டா? சுமக்கிறது நான். எண்பத்தொண்ணு ஆனதுக்குப் பேரு மட்டும் உனக்கா?” என்று பொருமும்.

“நீங்க சுமக்கலேன்னா நான் ஏது அண்ணே?” என்று இரண்டு குழையும்.

ஒருநாள் கணக்கு டீச்சர் எஸ்தர் அந்தக் கணக்கை அப்படியே காப்பி செய்து, கம்ப்யூட்டரில் தான் அடித்துக்கொண்டிருந்த வினாத்தாளில் ஒட்டினார். வந்து விழுந்த வேகத்தில் இரண்டு தோளிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டது.

“ஒழிஞ்சான்!” என்று சிரித்தபடி ஒன்பது அதைக் குனிந்து தேடியது. குனியத் தேவையே இருக்கவில்லை. தன் உயரத்துக்கே வளர்ந்து, பக்கத்தில் தோள் உரச நின்றுகொண்டிருந்தது இரண்டு.

“அட, நாம ரெண்டு பேரும் ஒரே உயரம் அண்ணே!” என்றது வெள்ளந்தியாக.

ஒன்பதுக்கு முகம் கறுத்துவிட்டது.

“இதென்ன, தொண்ணூத்திரண்டுன்னு நிக்குது?” என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டை மேலே ஏற்றும் பொத்தானைத் தேடினார். அவர் கண்டுபிடிப்பதற்குள் ஒன்பது மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது.

“ஏறிக்கோடா தம்பி, சீக்கிரம் ஏறு!”