எழுபது மதிப்பெண் கதவு

கோமு மதினிக்கு, தமயந்தி எழுதுவது.

மாமா தவறியதற்கு நான் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்கிறார்களாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் வல்லவள், இன்று என் நாள்" என்று மலர்ச்சியோடு சொல்ல வேண்டும். கண்ணாடியிடம் நூற்றுக்கு எழுபது மதிப்பெண்ணாவது வாங்கியவரை மட்டுமே வாசல் கதவு வெளியே விடும். தன்னம்பிக்கை வளரச் சங்கம் போட்ட சட்டம்.

செய்தி வந்ததும் உங்கள் தம்பி முதலில் நின்றார். பதினொரு வருடப் பழக்கம் அல்லவா, தொண்ணூற்றாறு வாங்கி வெளியே போய்விட்டார்.

அடுத்து நான். எனக்குக் கை முறிந்தபோது மாமா ரசஞ்சோறு பிசைந்து ஊட்டியது ஞாபகம் வந்து பாதியிலேயே அழுதுவிட்டேன். பன்னிரண்டு.

"சிரிச்சுச் சொல்லு தமயந்தி, பஸ் போயிரும்!" என்று வெளியிலிருந்து கத்தினார்.

"செத்தது ஒங்கப்பாங்க!" என்றேன். கண்ணாடி எட்டுக்கு இறக்கியது. அவர் கிளம்பிவிட்டார்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்களாம். சொல்லட்டும். மாமாவைத் தூக்கும்போது உங்கள் தம்பி கண் நனைந்ததா என்று மட்டும் பதில் எழுதுங்கள், மதினி.