பித்தளைத் தகட்டுச் சந்தனம்

மழைத் தூறலில் பானெட்டைத் திறந்துபோட்டு, அரைத் தூக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது பழைய டீசல் லாரி. உள்ளே இடைவெளி தப்பிய வால்வு டக்டக்கென்று அடித்தது. அடுத்த மலையேற்றத்தில் என்ஜின் படுத்துவிடுமோ என்று லாரிக்குப் பயம்.

"வால்வுக்கு எவ்வளவு இடைவெளி வைக்கணும்ணே?" என்று கேட்டது. பக்கத்தில் நின்ற டிராக்டர் தன் அளவைச் சொன்னது. அதற்கடுத்து இருந்த ஜெனரேட்டர் தன்னுடையதைச் சொன்னது. இரண்டும் ஒத்துவரவில்லை.

"உன் அளவு என் மேலதான் பொறிச்சிருக்கு. மழையில கொஞ்சம் நனை, மேல இருக்கிற சந்தனம் கரைஞ்சு எழுத்து தெரியும்" என்றது என்ஜினில் பதித்த பித்தளைத் தகடு. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அப்பிய சந்தனம் அது.

"சாமிக்கு வச்சதையா கரைக்கச் சொல்றே?" லாரி பதறிப்போய்ப் பானெட்டை மூடிக்கொண்டது.

கனவுபோல ஊதுபத்தி வாசம் மிதந்து வந்தது. மறுபடி ஆயுதபூஜை வந்துவிட்டது. தகடு வாய் திறப்பதற்குள் ஈரச் சந்தனம் அதன்மேல் குளுகுளுவென்று படர்ந்தது. லாரி மெய்சிலிர்த்துக் கண்ணை மூடியது.

பிறகு மெல்லக் கேட்டது: "ஜெனரேட்டர் அண்ணே, அன்னிக்கு என்ன அளவு சொன்னீங்க?"