கொக்கியில் தொங்கிய துண்டு

பதினோரு நாளாக விடுதியின் ஓர் அறையில் துண்டு குளியலறைக் கதவுக் கொக்கியிலேயே தொங்கியது. தொங்கினால் துவைக்க வேண்டாம் என்று பொருள். தண்ணீரை மிச்சப்படுத்த விடுதி மேலாளர் ஜெபராஜ் கொண்டுவந்த விதி. அதுவரை தங்க வந்த ஒருவரும் அதை மதித்ததில்லை.

“அடுத்து வாரத்துக்கு ஒருக்காத்தான் பல்லு வெளக்கணும்பாரு,” என்று ஊழியர்களே சிரித்தார்கள்.

ஒரே ஒருவராவது தம் பேச்சைக் கேட்கமாட்டாரா என்று ஏங்கியிருந்த ஜெபராஜ், பூச்செடியும் புதுத் துண்டுமாகத் தாமே போய் அந்த அறைக் கதவைத் தட்டினார்.

“உங்கள மாதிரி ஒருத்தர் போதும்மா,” என்றபடி உள்ளே வந்து கொக்கியிலிருந்த பழையதை எடுக்கக் கை நீட்டினார்.

அங்கே தங்கியிருந்த கோமளவல்லி குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், ஜன்னலில், எதிர்ச்சாரி ஆஸ்பத்திரி தெரிந்தது.

“தொடாதீங்க சார். ஆபரேஷனுக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரர் முகம் தொடச்சது. இன்னும் கண்ணு முழிக்கல.”