கார்பன் துணி

“தூ! கருமம்! ஒரு கவளம் சோறு உள்ளே இறங்குச்சா? தலைக்கு மேல வரிசையா அட்டைப்பூச்சி தொங்கின மாதிரி இருந்துச்சு தம்பி!”

வீட்டுக்கார அம்மா முகத்தைச் சுளித்தபடி முழங்கையைப் பறட் பறட்டென்று சொறிந்தாள். இரண்டு கையும் சிவந்து, தடித்து, நீர் கோத்திருந்தது. அதே கையால் அவள் நீட்டிய தண்ணீரை இன்ஜினீயர் வாங்கி, குடிக்காமலே ஜன்னலோரம் வைத்தான். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் அட்டை என்றது, கூடத்து பீமின் அடியில் அவன் பசை தடவி ஒட்டிய கறுப்புக் கார்பன் துணியை. உள்ளே கம்பி துருப்பிடித்து, பீம் விரிசல் விட்டிருந்தது. மாடியில் அவள் கொழுந்தன் குடும்பம். பீம் போனால் அத்தனை பேரும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள்.

பசை இறுகட்டும் என்று இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனவன், முட்டுகளைப் பிரிக்க இன்றுதான் வந்திருந்தான். பீம் இப்போது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

“அந்தப் பசை நாத்தம் இருக்கே, குடலையே புரட்டிடுச்சு. எம் புருஷன் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தம்பி வீட்டுக்கு மாடியேறிட்டாரு!”

“அக்கா, அந்தத் துணிதான் இனிமே உங்க மாடியைத் தாங்கப் போகுது. கொஞ்சம் மரியாதை குடுங்க.”

“க்கும்! துணியாம், தாங்குதாம்!”

இந்த ஜென்மத்துக்கு வேலை செய்ததே தப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினான். முட்டுகள் ஒவ்வொன்றாகத் திருகி இறங்கின. கடைசி முட்டும் வண்டியேறியது.

மாடியில் பிள்ளைகள் தொம் தொம்மென்று குதித்தார்கள். அவன் தோளில் கொஞ்சம் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. புதுப் பெயின்ட், அப்படித்தான் இருக்கும் என்று தட்டிவிட்டான்.

“பாத்தீங்களா அக்கா? முட்டு எடுத்தாச்சு, பசங்க இந்தக் குதி குதிக்கிறாங்க, பீம் அசையுதா? எல்லாம் அந்தத் துணி பண்ற வேலை!”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அந்தக் கருமத்தைத்தான் நீங்க ஒட்டிட்டுப் போன அன்னிக்கே, பிசுபிசுன்னு இருக்கறப்பவே, நானே உரிச்சுக் குப்பையில போட்டுட்டேனே தம்பி!”